படகின் வேகம் எங்கே போனது?

வணக்கம் நேயர்களே.

முகத்துவாரத்தில் மீன்பிடிப் படகு வைத்திருப்பவரைக் கேட்டாலும் சரி, பொல்கொடை ஏரியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் படகை இறக்குபவரைக் கேட்டாலும் சரி, முறைப்பாடு ஒன்றுதான்: "முந்தி மாதிரி ஓடுதில்லை." சொன்ன கையோடு படகின் பின்னால் மாட்டியிருக்கும் எஞ்ஜினின் மூடியைக் கழற்றிவிடுவார்கள். பிளக் மாறும், காபரேட்டர் பிரியும், காசு போகும். படகு மட்டும் பழையபடிதான். மூடியில் கை வைக்க முதல் இரண்டு கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, உண்மையான வேகம். கைத்தொலைபேசியில் உள்ள ஜிபிஎஸ் போதும். ஆனால் ஒரு திசையில் மட்டும் ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. களனி கங்கை கடலில் விழும் பக்கமாக ஓடினால் நீரோட்டம் உங்களை ஏமாற்றிவிடும். ஒரே கோட்டில் போய், அதே கோட்டில் திரும்பி வாருங்கள். போகும்போது 24 நொட் (மணிக்கு 24 கடல் மைல்), வரும்போது 20 என்றால், உங்கள் வேகம் 22.

இரண்டாவது, லீவரை முழுதாகத் தள்ளிய முழுத் திறப்பில் எஞ்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. மீற்றர் இல்லாத படகுக்கு, பிளக் வயரில் சுற்றிக் கட்டும் சின்ன டிஜிட்டல் மீற்றர் உண்டு. எஞ்ஜினோடு வந்த கையேட்டில் எல்லை போட்டிருக்கும். பல நான்கு வீச்சு எஞ்ஜின்களுக்கு 5000 முதல் 6000 வரை. இரண்டு வீச்சு என்றால் பெரும்பாலும் 4500 முதல் 5500.

திரும்பவும் சொல்கிறேன்: வேகம் ஒன்று, சுற்று ஒன்று. இந்த இரண்டும் கையில் இல்லாமல் செய்வதெல்லாம் குருட்டு வைத்தியம்.

இதற்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் நீட்டுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1894இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் பார்சன்ஸ் 'டர்பினியா' என்ற கப்பலைக் கடலில் இறக்கினார். நீராவி டர்பைனால் ஓடிய முதல் கப்பல் அது. உலகத்தை அசத்தும் என்று பார்த்தால், வெள்ளோட்டத்தில் 20 நொட்டைக்கூடத் தொடவில்லை. தண்ணீருக்குள் சுழன்று கப்பலைத் தள்ளும் விசிறியான புரொப்பலரை மாற்றி மாற்றிப் பார்த்தார், பலனில்லை. பிறகுதான் எஞ்ஜினுக்கும் புரொப்பலருக்கும் நடுவே முறுக்குவிசையை அளக்கும் கருவியைப் பொருத்தினார். எஞ்ஜின் விசையைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. புரொப்பலர் அளவுக்கு மிஞ்சிய வேகத்தில் சுழன்றதால், இலைகளின் முதுகில் தண்ணீர் கிழிந்து குமிழிகள் உண்டாகி, தள்ள வேண்டிய விசை வீணாகியது. அதைக் கண்ணால் பார்க்கவே ஜன்னல் வைத்த சிறு தொட்டி ஒன்றும் செய்தார். கடைசியில் ஒரு டர்பைனை எடுத்துவிட்டு மூன்று வைத்தார். மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று புரொப்பலர், ஆக ஒன்பது. 1897 ஜூன் 26இல், விக்டோரியா மகாராணியின் வைரவிழாக் கடற்படை அணிவகுப்புக்குள் அந்தக் கப்பல் புகுந்து ஓடியபோது, விரட்டிய காவல் படகுகளால் பிடிக்க முடியவில்லை. வேகம் 34 நொட்டை எட்டியது. அவரும் அளந்த பிறகுதான் திருத்தினார், பார்த்தீர்களா!

சரி, நம் படகுக்கு வருவோம். சுற்று எல்லையைத் தாண்டி ஏறுகிறது, எஞ்ஜின் அலறுகிறது, படகு நகரவில்லை. அப்படியானால் புரொப்பலர் தண்ணீரைப் பிடிக்கவில்லை. புரொப்பலரின் நடுவே உள்ள ரப்பர் வழுக்குகிறதா என்று முதலில் பாருங்கள். நட்டிலிருந்து புரொப்பலரின் உடல் வரை பெயின்ற்றால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடி வாருங்கள். கோடு முறிந்து விலகியிருந்தால் ரப்பர் போய்விட்டது. கோடு நேராக இருந்தால், மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறதா என்று பாருங்கள். புரொப்பலருக்கு மேலே கிடையாக ஒரு தகடு இருக்கிறதல்லவா? அது படகின் அடித்தளத்தோடு மட்டமாக, மிஞ்சினால் ஓர் அங்குலம் மேலே நிற்கலாம். அதற்கு மேல் தூக்கினால் காற்றுப் புகும். கீழே இறங்கினால் வீண் இழுவை.

புரொப்பலரில் இரண்டு எண் அடித்திருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். மரத்தில் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு எவ்வளவு உள்ளே போகுமோ, அதுதான் பிட்ச். எழுதிக்கொள்ளுங்கள்: சுற்றை கியர் விகிதத்தால் (புரொப்பலர் ஒரு தரம் சுற்ற எஞ்ஜின் எத்தனை தரம் சுற்றுகிறது என்ற எண்) வகுத்து, பிட்ச்சால் பெருக்கி, 1215ஆல் வகுத்தால் நொட் வரும். 5000 சுற்று, கியர் 2, பிட்ச் 13 என்றால் ஏறக்குறைய 27. தண்ணீர் மரமல்ல, வழுக்கும். 10 முதல் 20 சதவீதம் கழித்தால் 22, 24 வருவது சரியான ஓட்டம். 17தான் வருகிறதென்றால் எங்கோ கோளாறு.

இனி, சுற்றே எல்லைக்கு ஏறவில்லை என்றால்? ஒன்று சுமை, அல்லது எஞ்ஜின். சுமையை முதலில் பாருங்கள், அதற்குச் செலவில்லை. கரையில் ஏற்றி அடியைத் தடவுங்கள். நம்முடைய வெதுவெதுப்பான கடலில் பாசியும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் மிக விரைவில் பிடித்துவிடும். பைபர் படகின் தளத்துக்குக் கீழே மிதப்புக்காக அடைத்த போம் (நுரைப் பஞ்சு) தண்ணீர் குடித்திருக்கலாம். 150 லீற்றர் என்றால் கண்ணுக்குத் தெரியாத இரண்டு ஆட்கள். இவை எல்லாம் சரியென்ற பிறகுதான் பிட்ச்சைக் குறைக்க யோசிக்க வேண்டும். ஓர் அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 200 சுற்று ஏறும். அழுக்குப் படகுக்குச் சின்னப் பிட்ச் போட்டு சமாளிப்பவர்களைப் பார்க்கிறோம். சுத்தம் செய்த மறுநாள் அதே எஞ்ஜின் எல்லையைத் தாண்டி அலறும்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். எஞ்ஜினுக்கு ஒரு நிமிடம்தான். எஞ்ஜினை நிறுத்திவிட்டு, ஒருவர் லீவரை முழுதாகத் தள்ள, காபரேட்டரின் தகடு முழுதாகத் திறக்கிறதா என்று மற்றவர் பாருங்கள்; கேபிள் நீண்டிருந்தால் திறக்காது. எரிபொருள் தாங்கி மூடியின் காற்றுத் திருகைத் திறந்துவிடுங்கள். ஓடும்போது எரிபொருள் குழாயில் உள்ள, கையால் அழுத்தும் ரப்பர் பல்ப் சப்பையானால் அடைப்பு தாங்கிப் பக்கம். பல்பை அழுத்த அழுத்த வேகம் கூடினால் எரிபொருள் பம்ப்பைச் சந்தேகியுங்கள். மண்ணெண்ணெய் எஞ்ஜினிடம் பெற்றோல் எஞ்ஜினின் இழுவையைக் கேட்காதீர்கள். சிலிண்டரின் அமுக்கச் சோதனையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள், போகும்போது வேகம், சுற்று என்ற அந்த இரண்டு எண்களையும் துண்டில் எழுதிக் கொடுங்கள். வணக்கம்.