மண்வெட்டி விற்றவர்கள் எல்லாரும் பிழைத்தார்களா?

பெரியோர்களே, நண்பர்களே!

வணிக மேடைகளில் ஒரு வாசகம் அடிக்கடி காதில் விழுகிறது: தங்க வேட்டை நடக்கும் ஊரில் தங்கம் தோண்டாதே, மண்வெட்டி விற்கப் போ. கேட்டவுடன் கைதட்டுகிறோம். அந்தக் கைதட்டலில் பாதியைத் திருப்பிக் கேட்கவே இன்று வந்திருக்கிறேன்.

1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவின் கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் பொன் துணுக்குகளைக் கண்டார். செய்தி பரவியது, சான் பிரான்சிஸ்கோ அதை லேசில் நம்பவில்லை. நம்பவைத்தவர் சாம் பிரன்னன் என்ற கடைக்காரர். மே மாதம், பொன்துகள் அடைத்த புட்டியை ஆட்டிக்கொண்டு நடுத்தெருவில் "தங்கம்! தங்கம்!" என்று கூவினார். கூவுவதற்கு முன்பே, கிடைத்த மண்வெட்டி, பிக்காசு, தட்டு அத்தனையையும் வாங்கித் தம் கடையில் குவித்துவிட்டார். 20 சென்ட் தட்டை 15 டாலருக்கு விற்றார் என்பார்கள். வெறும் தகரத் தட்டுதான். ஆற்று மணலை அள்ளி நீரில் சுழற்றினால் மண் வழிந்துவிடும், கனமான பொன் அடியில் தங்கும். அது கையில் இல்லாதவன் கரையில் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

முகாம்களில் ஒரு முட்டை 1 டாலருக்கும் மேல் விற்றது. பகல் கொள்ளை என்று திட்டலாம். ஆனால் நியூயார்க்கிலிருந்து தென் அமெரிக்க முனையைச் சுற்றிவர ஐந்தாறு மாதம். பிறகு படகு, அதன்பின் கோவேறு கழுதை. வந்த மாலுமிகளும் கப்பலை அப்படியே விட்டுவிட்டு மலைக்கு ஓடினார்கள். சரக்கை இறக்குவது யார்?

நாணயத்துக்குத் தட்டுப்பாடு, பொன்துகளே பணம். ஒரு சிட்டிகை 1 டாலர். சிட்டிகை எடுப்பவர் கடைக்காரர்! மதுக்கடைக்கு ஆள் சேர்க்கும்போது விரல் பருமனைப் பார்த்தார்கள் என்று ஒரு கதையே உண்டு. (சிரிப்பு)

இனி மறுபாதி. விலையைக் கேள்விப்பட்டு உலகமே சரக்கு அனுப்பியது. யார் எதை எவ்வளவு ஏற்றினார்கள் என்பது, கப்பல் வந்து சேரும்வரை எவருக்கும் தெரியாது. 1849-50 மழைக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ தெருக்கள் சேற்றுக் குழியாயின. அப்போது நடைபாதை எதனால் போட்டார்கள் தெரியுமா? சிலி நாட்டு மாவு மூட்டைகள், புகையிலைப் பெட்டிகள், இரும்பு அடுப்புகள்! வாங்க ஆளில்லாமல் குவிந்துவிட்டதால், பலகையைவிட அவை மலிவு. அந்த அடுப்பை அனுப்பிய வியாபாரியும் மண்வெட்டி விற்கப் போனவர்தானே? அவரைப் பற்றி மேடையில் யாரும் பேசுவதில்லை. கலிபோர்னியாவின் முதல் பெரும் செல்வந்தர் என்று பெயரெடுத்த பிரன்னனே 1889இல் ஏழையாகத்தான் இறந்தார்.

எனக்குப் பிடித்தவர் ஜான் ஸ்டுடிபேக்கர். 1853இல் கலிபோர்னியாவின் சுரங்க ஊரான பிளேசர்வில் போய்ச் சேர்ந்தார். சுரங்கக்காரர்களுக்குத் தள்ளுவண்டி செய்து கொடுத்தார். சரக்கைப் பதுக்கவில்லை, கப்பலுக்குக் காத்திருக்கவில்லை. உடைந்தால் அங்கேயே பழுதுபார்க்கும் கைத்தொழில். ஐந்தாண்டில் சேர்ந்த 8,000 டாலருடன் ஊர் திரும்பி, அண்ணன்மாரின் வண்டிப் பட்டறையில் முதல் போட்டார். அந்தப் பட்டறைதான் பின்னாளில் மோட்டார் கார் செய்தது.