கலோரி இன்னும் ஏன் இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பள்ளியில் வேதியியல் கற்பித்தவள் நான். அறிவியல் ஒதுக்கிவைத்த பிறகும் நம் வீட்டை விட்டுப் போகாத கலோரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடேற்றத் தேவையான வெப்பமே ஒரு கலோரி என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்போம். ஒருமுறை மாணவி ஒருத்தி எழுந்து, ஒரு நாள் உணவுக்கு 2000 கலோரி என்கிறார்களே, அதைக் கொண்டு குழாய்த் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் எவ்வளவு கொதிக்கும் என்று கேட்டாள். கரும்பலகையில் கணக்குப் போட்டோம். முப்பது டிகிரியிலிருந்து நூறு டிகிரிக்கு எழுபது டிகிரி. 2000-ஐ எழுபதால் வகுத்தால் ஏறத்தாழ 28 கிராம், அதாவது ஒரு மடக்குத் தண்ணீர். நாளெல்லாம் உழைக்கும் ஒருவர் உண்ணும் சோறு ஒரு மடக்குத் தண்ணீரைத்தான் கொதிக்கவைக்குமா? உணவுக் கலோரி என்பது கிலோகலோரி, அதாவது ஆயிரம் மடங்கு. அந்த வெப்பத்தில் கொதிப்பது 28 லிட்டர், ஏறத்தாழ இரண்டு குடம். கிலோ என்ற அந்த முன்சொல்லைப் பேச்சில் விழுங்கிவிடுவதால் வரும் குழப்பம் இது. இச்சொல்லை 1820களில் பாரிஸ் விரிவுரைகளில் வழங்கிய பிரெஞ்சு வேதியியலாளர் நிக்கோலா கிளெமான் கிலோகிராம் தண்ணீரைக் கொண்டே அதை வரையறுத்தார் என்பதால், குழப்பத்திற்கும் அதே வயது.

தண்ணீரையே அளவுகோலாக்கியதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. குளிர்ந்த தண்ணீருக்கும் வெந்நீருக்கும் ஒரு டிகிரி ஏறத் தேவையான வெப்பம் சிறிதளவு வேறுபடும். அதனால்தான், ஆற்றலை அளக்கும் அலகான ஜூலில் சொன்னால், 4.184 ஜூல் என்றொரு கலோரியும், 4.1868 ஜூல் என்றொரு கலோரியும் புத்தகங்களில் உண்டு. 1948-இல் எடைகள், அளவைகள் குறித்த பன்னாட்டுப் பொதுமாநாடு வெப்பத்திற்கும் ஜூலையே அலகாக ஏற்றது.

ஆனாலும் நம் நாட்டு நிலக்கரி இன்றும் கலோரியில்தான் தரம் பிரிக்கப்படுகிறது. கிலோவுக்கு 7000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தருவது முதல் தரம்; அதற்குக் கீழே 300 கிலோகலோரிக்கு ஒரு படி. ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். ஆகவே ஓர் அனல்மின் நிலையம் ஒரு யூனிட்டுக்கு 2400 கிலோகலோரி எரிக்கிறது என்றால், மூன்றில் ஒரு பங்கை விடச் சற்றுக் கூடுதலாகவே மின்சாரமாகிறது என்பதை மனக்கணக்கிலேயே சொல்லிவிடலாம். இந்த வசதியைப் பொறியாளர்கள் எளிதில் விடமாட்டார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

நேரம் நெருங்கிவிட்டது. வெடிப்புகளின் ஆற்றலைச் சொல்லும் டி.என்.டி. டன் அளவும் ஒரு டன்னுக்கு நூறு கோடி கலோரி என்ற வரையறையில்தான் நிற்கிறது; அதை விரித்துரைக்க இன்று பொழுதில்லை. வணக்கம்.