2 லிட்டர் தண்ணீர், 1.2 மீட்டர் உயரம்: ஒரு நீர்ச்சக்கரத்தை வடிவமைப்போம்

[திரை: அடைமழை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாய். அடியில் சீறிப் பாயும் தண்ணீர்.]

வணக்கம். மழை நேரத்தில் இப்படி ஒரு குழாயைப் பார்த்தால், பொறியியல் படிக்கிற யாருக்கும் ஒரு ஆசை வரும்: இதன் அடியில் ஒரு சக்கரத்தை வைத்தால் என்ன? வருடத்துக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் சிங்கப்பூர். புளோக்கோ 12 மாடி. இவ்வளவு தண்ணீரும் இவ்வளவு உயரத்திலிருந்து இறங்கிச் சும்மா கால்வாய்க்குப் போகிறதே!

சரி, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். கூரையின் பரப்பு 800 சதுர மீட்டர், தண்ணீர் இறங்கும் உயரம் 30 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுக்கப் பெய்கிற மழையைச் சொட்டு விடாமல் பிடித்தால் 1,920 கன மீட்டர். கிட்டத்தட்ட இரண்டாயிரம் டன் தண்ணீர். அது 30 மீட்டர் இறங்கும்போது கொடுக்கக்கூடிய மொத்த ஆற்றல் சுமார் 157 யூனிட். ஒரு நான்கறை வீடு ஒரே மாதத்தில் இதைவிட அதிகமாக மின்சாரம் செலவழிக்கும்.

குழாய்த் தண்ணீரை வைத்து ஓட்டலாமே என்று கேட்பவர்களும் உண்டு. குழாயில் 20 மீட்டர் உயரத்துக்குச் சமமான அழுத்தம் இருப்பதாகத் தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் தண்ணீர் தருவது 0.054 யூனிட்தான். அதன் மதிப்பு இரண்டு காசுகூட வராது. 2025 ஏப்ரலிலிருந்து அந்தத் தண்ணீரின் விலையோ 3.24 வெள்ளி!

[திரை: கறுப்புப் பின்னணியில் மூன்று சொற்கள்: லிட்டர், மீட்டர், பத்து]

இந்தக் கணக்கெல்லாம் ஒரே விதியிலிருந்து வருகிறது. நொடிக்கு 1 லிட்டர் தண்ணீர் 1 மீட்டர் இறங்கினால் 9.81 வாட். மனக்கணக்குக்கு 10 என்று வைத்துக்கொள்ளலாம். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் இறக்கம், இரண்டையும் பெருக்கிப் பத்தால் பெருக்குங்கள். எந்த இயந்திரமும் அதற்கு மேல் ஒரு வாட்கூடத் தராது. வடிவமைப்பாளருடைய வேலை, அந்தத் தொகையில் எவ்வளவு கைக்கு வருகிறது என்பதில் மட்டும்தான்.

[திரை: மழை ஓய்ந்ததும் பெரிய கால்வாயில் பழுப்பு நிறத்தில் ஓடும் நீர்]

இதைப் பாருங்கள். பார்க்கவே மிரட்டுகிறது, இல்லையா? நொடிக்கு 2 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தை உயரமாக மாற்றிப் பார்த்தால் 20 சென்டிமீட்டர்தான். அதாவது இவ்வளவு ஆரவாரத்தோடு ஓடும் நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் இருப்பது, அரை அடி சொச்சம் உயரத்திலிருந்து விழும் நீரில் இருக்கும் அதே ஆற்றல். ஓடும் நீரின் வேகம் கண்ணை ஏமாற்றும். உயரம் ஏமாற்றாது. (கால்வாயில் இறங்கி அளந்து பார்க்க வேண்டாம். மழையில் நீர்மட்டம் சில நிமிடங்களில் ஏறிவிடும்.)

சிங்கப்பூரில் நீர்மின் நிலையம் இல்லாததற்கும் இதுதான் காரணம். மழைக்குக் குறைவில்லை, இறக்கம்தான் இல்லை. புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான், அங்கிருந்து பெரிய ஆறு எதுவும் இறங்குவதில்லை. 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கனமழை பெய்யும்போது கடல் மட்டம் தாழ்ந்திருந்தால் கதவுகளைத் திறந்து தண்ணீரை விட்டுவிடலாம். கடல் ஏறியிருந்தால்? நொடிக்குத் தலா 40 கன மீட்டர் தள்ளக்கூடிய ஏழு பம்புகள் அங்கே காத்திருக்கின்றன. மற்ற ஊர்களில் அணை மின்சாரம் தரும். இங்கே தண்ணீரை வெளியேற்றவே மின்சாரம் செலவாகிறது.

ஆகவே மின்கட்டணத்தைக் குறைக்கிற ஆசையை ஓரமாக வைத்துவிடுவோம். பலதுறைத் தொழிற்கல்லூரியில் புராஜெக்ட் செய்கிற ஒருவர், ஒரு பட்டறையில், ஒரு தொட்டியையும் ஒரு பம்பையும் வைத்து ஒரு நல்ல நீர்ச்சக்கரத்தை எப்படி வடிவமைப்பது? எனக்கு இதில்தான் சுவாரசியம். சிறிய சக்கரம் என்றாலும் பெரிய சுழலிக்குரிய (டர்பைன்) பிரச்சினைகள் எல்லாம் அதிலும் உண்டு.

[திரை: இரண்டு சக்கரங்கள் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றில் அடியில் பாயும் நீர் பலகைகளைத் தள்ளுகிறது. மற்றதில் மேலிருந்து விழும் நீர் கிண்ணங்களை நிரப்புகிறது.]

முதல் கேள்வி: தண்ணீரைச் சக்கரத்தின் அடியில் மோத விடுவதா, மேலே கொண்டுபோய் ஊற்றுவதா? பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்த அறிஞர்கள் இருந்தார்கள். ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு மாதிரிச் சக்கரம் செய்து அளந்தே பார்த்துவிட்டார். கீழே விழுந்த தண்ணீரைக் கைப்பம்பால் திரும்பத் தொட்டிக்கு ஏற்றினார். அச்சில் கயிற்றைச் சுற்றி எடையைத் தூக்க வைத்தார். 1759-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் முடிவைச் சொன்னார்: அடியில் மோதும் சக்கரம் நீரின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கைத் தருவதே பெரும்பாடு. மேலே விழும் சக்கரம் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தருகிறது.

ஏன் இரண்டு மடங்கு வித்தியாசம்? கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

[திரை: மெதுவான அசைவில் ஒரு தட்டையான பலகை. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ஒரு நீர்த்தாரை அதில் மோதுகிறது.]

தாரையின் வேகம் 10. பலகை 5 வேகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. மோதிய தண்ணீர் பலகையோடு சேர்ந்து 5 வேகத்தில் முன்னே போகிறது, கூடவே பக்கவாட்டில் 5 வேகத்தில் சிதறுகிறது. ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வந்தபோது 100. போகும்போது 25-ம் 25-ம் சேர்ந்து 50. பாதி ஆற்றல் தண்ணீரோடு போய்விட்டது. தட்டையான பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்தாலும் இந்தப் பாதியைத் தாண்ட முடியாது.

இப்போது பலகைக்குப் பதில் ஒரு கிண்ணம். அதுவும் 5 வேகத்தில்தான் நகர்கிறது. கிண்ணத்தில் உட்கார்ந்து பார்த்தால் தண்ணீர் 5 வேகத்தில் உள்ளே வருகிறது, வளைவில் சுழன்று 5 வேகத்தில் பின்னால் திரும்புகிறது. ஆனால் கிண்ணமே 5 வேகத்தில் முன்னே போகிறது அல்லவா? தரையில் நிற்கிற நமக்கு, அந்தத் தண்ணீரின் வேகம் பூஜ்யம். ஓடி வந்த தாரை, வேகம் எல்லாம் இழந்து பொத்தென்று கீழே விழுகிறது. கொண்டுவந்ததை முழுசாகக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

லெஸ்டர் பெல்டன் 1880-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சக்கரம் இந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. நீலகிரியில் 1932-இல் ஓடத் தொடங்கிய பைக்காரா மின் நிலையத்தில் தண்ணீர் தொள்ளாயிரம் மீட்டருக்கும் மேல் இறங்கி வந்து பெல்டன் சக்கரத்தில்தான் மோதுகிறது. அவ்வளவு உயரத்துக்கு அது. நம்மிடம் இருப்பது 1.2 மீட்டர். இந்த உயரத்துக்குத் தண்ணீரின் எடையை வைத்து ஓட்டுவதே சரி. மேலே ஊற்றும் சக்கரம்.

[திரை: தாளில் பென்சிலால் வரையும் கை. 1 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டம்.]

வடிவமைக்கலாம். நம் பம்ப் நொடிக்கு 2 லிட்டர் தருகிறது. எப்படித் தெரியும் என்றால், 20 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 10 நொடி வர வேண்டும். பம்பின் அட்டையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் ஏற்றமே இல்லாத நிலையில் உள்ள அளவு. உயரம் 1.2. ஆக 2 பெருக்கல் 1.2 பெருக்கல் 9.81, சுமார் 23.5 வாட். இதுதான் நம் கையிருப்பு.

அந்த 1.2 மீட்டரில் சக்கரத்தின் விட்டத்துக்கு 1 மீட்டர். மீதி 20 சென்டிமீட்டர் மேலே, தண்ணீர் வேகம் பிடிக்க. கால்வாயில் பார்த்த அதே 20 சென்டிமீட்டர்தான், ஆகவே தண்ணீர் சக்கரத்தைத் தொடும்போது நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் இருக்கும். சக்கரத்தின் விளிம்பு அதில் பாதி வேகத்தில், நொடிக்கு 1 மீட்டர் சொச்சத்தில் சுழலட்டும். சுற்றளவு 3.14 மீட்டர். எனவே நிமிடத்துக்கு 20 சுற்று.

மெதுவாக இருக்கிறதே என்று தோன்றும். வேகமாகச் சுற்றினால் நல்லது என்ற நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். இந்தச் சக்கரத்தின் விளிம்பு நொடிக்கு 2.2 மீட்டரை எட்டினால், உச்சியில் தண்ணீர் கிண்ணத்தில் தங்காமல் வெளியே வீசப்பட்டுவிடும்.

அடுத்து கிண்ணங்கள். 20 வைப்போம். நிமிடத்துக்கு 20 சுற்று என்றால் நொடிக்கு ஆறேழு கிண்ணங்கள் தாரையைக் கடக்கும், ஒவ்வொன்றுக்கும் 300 மில்லிலிட்டர் கிடைக்கும். அதற்காக 300 மில்லிக்கு அளவெடுத்துச் செய்தால் கெட்டது. தளும்பிப் பாதி வழியிலேயே கொட்டும். ஆழம் 8 சென்டிமீட்டர், அகலம் 10 சென்டிமீட்டர் வைத்தால் ஒரு லிட்டருக்கு மேல் பிடிக்கும், கால் பங்குதான் நிரம்பும். அதுதான் வேண்டும்.

[திரை: ஒரு கிண்ணத்தின் குறுக்குவெட்டு. உள்சுவர் மையத்தை நோக்கி நேராக, வெளிச்சுவர் சுழலும் திசைக்கு எதிராகப் பின்னோக்கி மடிந்து.]

இந்த மடிப்பைக் கவனியுங்கள். உள்ளே வரும் தண்ணீர் சுவரில் அறையாமல் வழுக்கிக்கொண்டு நுழைய இது உதவும். கீழே இறங்கும்போது, முடிந்தவரை தாழ்வான இடம் வரை தண்ணீரைக் கொட்டாமல் பிடித்து வைத்திருப்பதும் இதுதான். இன்னொரு சின்ன விஷயம், பலர் தவற விடுவது: தண்ணீர் நுழைய வேண்டுமானால் உள்ளே இருக்கும் காற்று வெளியேற வேண்டும். தாரையின் அகலத்தைக் கிண்ணத்தைவிடக் குறைத்து, 8 சென்டிமீட்டராக வையுங்கள். இரு ஓரத்திலும் காற்றுக்கு வழி கிடைக்கும். இல்லாவிட்டால் தண்ணீர் குமிழியிட்டு வெளியே துப்பும்.

இழப்புகளை நான் உயரமாகவே எழுதி வைப்பேன், எங்கே போகிறது என்று பளிச்சென்று தெரியும். நுழையும்போது வேகம் 2-லிருந்து 1-ஆகக் குறைவதில் 5 சென்டிமீட்டர். வெளியேறும் தண்ணீரிடம் மிச்சமிருக்கும் 1 மீட்டர் வேகத்துக்கு இன்னொரு 5 சென்டிமீட்டர். கிண்ணம் சீக்கிரம் கொட்டுவது, சிதறல், பேரிங்கின் உராய்வு எல்லாம் சேர்ந்து 30 சென்டிமீட்டர். ஆக 1.2 மீட்டரில் 80 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வேலை செய்கிறது, சுமார் 65 சதவீதம். சரிசெய்ய வேண்டிய இடம் எது என்று பட்டியலே சொல்லிவிடுகிறது: கிண்ணத்தின் வடிவம். பேரிங்கை மாற்றி மாற்றிப் பணம் செலவழிப்பதில் பெரிய லாபமில்லை. அது தண்ணீர் தெறிக்காத இடத்தில் இருந்தால் போதும்.

சக்கரத்தின் அடிப்பாகம் வெளியேறும் தண்ணீரில் முங்கக் கூடாது. மேலே தண்ணீரோடு சேர்ந்து போகிற விளிம்பு, கீழே எதிர்த் திசையில் வருகிறது. முங்கினால் தண்ணீரே பிரேக் போடும். சில சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

[திரை: அச்சில் பொருத்திய உருளை, அதில் சுற்றிய கயிறு, கீழே தொங்கும் அரிசி மூட்டைகள்]

65 சதவீதம் என்றால் அச்சில் 15 வாட். மின்விளக்குக் கணக்கில் அற்பம்தான். ஆனால் நிமிடத்துக்கு 20 சுற்றில் 15 வாட் என்றால் முறுக்குவிசை, அதாவது அச்சைத் திருப்பும் வலு, 7 நியூட்டன் மீட்டருக்கு மேல். அச்சில் 5 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையைப் பொருத்திக் கயிறு சுற்றினால், மூன்று 5 கிலோ அரிசி மூட்டைகளை நொடிக்கு 10 சென்டிமீட்டர் வீதம் தூக்கும். மாவு அரைக்க, நெல் குத்த, நீர் இறைக்க உலகம் முழுக்க இதைப் பயன்படுத்தியது இந்த வலுவுக்காகத்தான். மின்சாரம் எடுக்க வேண்டுமென்றால் வேகத்தைப் பல மடங்கு கூட்டப் பல்சக்கரம் வேண்டும், ஒவ்வொரு பல்சக்கரமும் தன் பங்கைப் பிடித்துக்கொள்ளும்.

கடைசியாக, அளப்பது. ஸ்மீட்டனைப் போல எடையைத் தூக்கலாம், ஆனால் கயிறு சீக்கிரம் தீர்ந்துவிடும். இன்னொரு வழி கயிற்று பிரேக். 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள உருளையின் மேல் கயிற்றைப் போடுங்கள். ஒரு முனையில் எடை. மறுமுனையைத் தரையோடு சேர்த்துக் கட்டி, நடுவில் தராசு. விலை உயர்ந்த கருவி தேவையில்லை. திருச்சி விமானத்துக்குப் போகுமுன் பெட்டியைத் தூக்கிப் பார்ப்போமே, அந்தக் கைத்தராசு போதும். எடை 8.5 கிலோ, தராசு காட்டுவது 1.1 கிலோ, வித்தியாசம் 7.4 கிலோ. அதை 9.81-ஆலும், ஆரமான 0.1-ஆலும், சுழற்சி வேகமான 2.09-ஆலும் (நிமிடத்துக்கு 20 சுற்று என்பது நொடிக்கு இத்தனை ரேடியன்) பெருக்கினால் 15 வாட் சொச்சம்.

எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் சுற்றுகளை எண்ணி எழுதுங்கள். எடையே இல்லாதபோது சக்கரம் தலைதெறிக்கச் சுற்றும், வேலை பூஜ்யம். நின்றுபோகும் அளவுக்கு ஏற்றினால் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும், வேலை அப்போதும் பூஜ்யம். நடுவில் ஒரு மேடு வரும். அது 20 சுற்றுக்கு அருகில் வராமல் 14-இல் வந்தால் தாரையின் வேகத்தையும் கோணத்தையும் திரும்பப் பாருங்கள்.

ஒரு கேள்வி நிச்சயம் வரும், வாட்ஸ்அப்பில் அந்த வீடியோ எல்லோருக்கும் வந்திருக்கும்: இந்தச் சக்கரத்தாலேயே பம்பை ஓட்ட முடியாதா? சக்கரம் 65 சதவீதம், சின்ன பம்ப் ஒன்று 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றில் மிஞ்சுவது 26 சதவீதம். அடுத்த சுற்றில் அதில் 26 சதவீதம். அந்த வீடியோவில் மேசைக்கு அடியில் ஒரு வயர் போகும், தேடிப் பாருங்கள்.

அப்புறம், சோதனை முடிந்ததும் தொட்டியையும் கிண்ணங்களையும் காலி செய்து, துடைத்துக் கவிழ்த்து வையுங்கள். 20 கிண்ணங்களில் தேங்கிய தண்ணீர் ஏடிஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரியிடம் போய் இது புராஜெக்ட் என்று சொன்னால் அபராதம் குறையாது.