கெவினைத் தூக்கியதும் கவிழ்த்ததும் யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கெவின் என்ற பெயரை உயர்த்தியதும் தாழ்த்தியதும் சினிமாவா, சமூகமா என்பது இன்றைய தலைப்பு. எல்லாம் சினிமாவால்தான் என்று எதிரணித் தலைவர், கெவின் என்ற சிறுவன் நாயகனாக வரும் 'ஹோம் அலோன்' என்ற ஒரே ஆங்கிலப் படத்தைப் பிடித்துத் தொங்கினார். நான் சமூகத்தின் பக்கம்.

பெயர் பிறந்த வீட்டுக்கு முதலில் போவோம். இது அயர்லாந்துப் பெயர். மென்மை, அன்பு என்று பொருள்படும் சொல்லோடு பிறப்பு என்ற சொல் சேர்ந்தது. ஐரிஷ் எழுத்தில் பார்த்தால் நடுவில் 'வ'கரத்தையே காணோம்! 'ம'வுக்குரிய எழுத்தோடு 'ஹ'வுக்குரியதைச் சேர்த்தால் அங்கே 'வ' ஒலி. அதனால்தான் எழுத்து நீளமாகவும் உச்சரிப்பு சுருக்கமாகவும் இருக்கிறது.

இந்தப் பெயருக்கு அங்கே முகம் கொடுத்தவர், 6ஆம் நூற்றாண்டில் விக்லோ மலையில் கிளென்டலாக் மடத்தை நிறுவிய துறவி கெவின். 1903இல் ரோமின் கத்தோலிக்கத் தலைமை அவருடைய புனிதர் வழிபாட்டை முறையாக ஏற்றது. 1920 நவம்பர் 1 அன்று டப்ளின் மவுண்ட்ஜாய் சிறையில், 18 வயது மருத்துவ மாணவரும் அயர்லாந்து விடுதலைப் போராளியுமான கெவின் பேரியைப் பிரிட்டிஷார் தூக்கிலிட்டார்கள். ஒரு துறவி, ஒரு தியாகி. இதில் திரை எங்கே வந்தது ஐயா?

சரி, எதிரணியின் படத்துக்கே வருகிறேன். அது அமெரிக்காவில் வெளியானது 1990 நவம்பரில். பிரான்சில் கெவின் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பிடித்தது 1989இல்! பிள்ளை பிறந்த பிறகா கல்யாண முகூர்த்தம் குறிப்பார்கள்? படம் எடுத்த அமெரிக்காவிலேயே இந்தப் பெயரின் உச்சம் 1960களில் முடிந்துவிட்டது. படம் ஓடோ ஓடென்று ஓடியும் முதல் பத்துக்குள்கூட வரவில்லை.

ஜெர்மனியில் மட்டும் எதிரணிக்குக் கொஞ்சம் இடம் தருகிறேன். அங்கே படத்தின் தலைப்பிலேயே கெவின் இருந்தார். 1991 ஜனவரியில் வெளியீடு, அந்த ஆண்டே பெயர் முதலிடம். ஏற்றியதில் படத்துக்குப் பங்கு உண்டு. இறக்கியது யார்?

1991இல் பிறந்தவன் 1997 வாக்கில் பள்ளிக்கூடம் போகிறான். படித்த, வசதியான குடும்பங்கள் மக்சிமிலியன், அலெக்சாண்டர் என்று பழைய பெயர்களில் நின்றுகொண்டன. ஆங்கில வாடை அடிக்கும் பெயர் என்றால் ஏழை வீட்டுப் பிள்ளை என்று ஒரு முத்திரை விழுந்தது. இதற்குக் 'கெவினிசம்' என்று ஏளனப் பெயரும் வந்தது. 2009இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழக ஆய்வுக்காகத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைப் பற்றிக் கேட்டார்கள். ஓர் ஆசிரியர் எழுதினார்: "கெவின் என்பது பெயரல்ல, நோயறிதல் முடிவு." பிள்ளைகளின் மதிப்பெண்ணை அளந்த ஆய்வல்ல அது, ஆசிரியர்களின் மனப்போக்கைக் கேட்டது. என் கட்சிக்கு அந்த மனப்போக்குதானே சாட்சி? அப்படிப்பட்ட முத்திரையைத் தெரிந்தே எந்தத் தாய் தொட்டிலில் கட்டுவாள்?

அதே படம் அயர்லாந்திலும் ஓடியது. டப்ளின் வகுப்பறையில் ஆசிரியர் "கெவின்" என்று கூப்பிட்டால், பையன் எழுந்து "இருக்கிறேன்" என்பான், அவ்வளவுதான். பெயரும் ஒன்று, படமும் ஒன்று. ஜெர்மனியில் மட்டும் ஏன் சிரித்தார்கள்? எதிரணி இதற்குப் பதில் சொல்லிவிட்டு அந்தப் படத்தைப் போடட்டும்.