குறுகலான பின் ஆக்ஸில் போட்டா அகல டயர் உள்ள போயிடுமா? 1967 மஸ்டாங்கும் எக்ஸ்ப்ளோரர் 8.8-உம்

[திரையில்: 1967 ஃபோர்டு மஸ்டாங், நேர் பின்பக்கத்திலிருந்து]

வணக்கம். இந்த வண்டியைப் பின்னாடியிருந்து பாருங்க. இடுப்பு அகலம், சைலன்சர் சத்தம் எல்லாம் சரி. டயர் மட்டும் ஏதோ கடன் வாங்கிப் போட்ட மாதிரி ஒல்லியா இருக்கும். அதனால பழைய மஸ்டாங் வாங்குற பல பேருக்கு வர்ற முதல் ஆசை, பின்னாடி அகலமா டயர் போடணும்ங்கறதுதான். கூடவே ஒரு யோசனையும் யாராவது சொல்லிடுவாங்க: "குறுகலான ஆக்ஸில் ஒண்ணு மாட்டு, இடம் தானா வந்துடும்."

வராது. ஏன் வராதுன்னு புரிஞ்சுக்கிட்டா, எப்ப மாட்டணும்ங்கறதும் புரிஞ்சிடும்.

[திரையில்: மட்கார்டுக்குள்ள குறுக்குவெட்டு வரைபடம்]

டயர் நிக்கிற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எல்லை இருக்கு. வெளியில மட்கார்டு விளிம்பு, உள்ள லீஃப் ஸ்பிரிங். நடுவுல எத்தனை இன்ச் இருக்கோ, உங்க சொத்து அவ்வளவுதான். ஆக்ஸில் அந்த இடைவெளியைத் தொடறதே இல்ல. ரிம் போய் ஒட்டற முகம் எங்க நிக்கணும்ங்கறதை மட்டும்தான் அது முடிவு பண்ணுது. அந்த முகம் 1 இன்ச் உள்ள தள்ளிப் போச்சுன்னா, ரிம்மும் டயரும் அப்படியே 1 இன்ச் உள்ள போகும். நேத்து மட்கார்டுல உரசின டயர் இன்னைக்கு ஸ்பிரிங்ல உரசும்.

இடைவெளிக்குள்ள டயர் எங்க நிக்குதுங்கறது ரெண்டு அளவோட கூட்டணி: ஆக்ஸில் அகலம், ரிம்மோட பேக்ஸ்பேசிங்.

[திரையில்: கவிழ்த்து வச்ச ரிம், குறுக்கே நேர்ச்சட்டம், டேப்]

பேக்ஸ்பேசிங் அளக்கறது சுலபம். ரிம்மை முகம் கீழ இருக்கற மாதிரி கவிழ்த்து வைங்க. பின் விளிம்புக்குக் குறுக்கே ஒரு நேர்ச்சட்டம். அங்கிருந்து ஹப்ல ஒட்டற முகம் வரைக்கும் இருக்கற ஆழம்தான் அது. ஆக்ஸிலை அளக்கும்போது டிரம்மோ டிஸ்க்கோ மாட்டியிருக்கணும். ஒரு பக்க முகத்திலிருந்து மறுபக்க முகம் வரைக்கும் அளங்க.

1965, 66 மஸ்டாங்ல இது ஏறக்குறைய 57.25 இன்ச். 1967-ல வண்டியே அகலமாச்சு, 390 கன இன்ச் பெரிய இன்ஜினை உள்ள உட்கார வைக்கவும் இடம் வேணும். 67-லிருந்து 70 வரைக்கும் 59.25. 71-லிருந்து 73 வரைக்கும் 61.25. அதனால 71-க்கு அப்புறம் வந்த வண்டி வச்சிருக்கறவங்க 67–70 ஆக்ஸிலைத் தேடுவாங்க. வெட்டாமலே ஒவ்வொரு பக்கமும் 1 இன்ச் உள்ள வந்துடும். 70-களோட கடைசியில வந்த லிங்கன் வெர்சேல்ஸ் காரோட 9 இன்ச் ஆக்ஸிலும் ரொம்ப நாள் கிராக்கியா இருந்துச்சு. அந்த 9, ஆக்ஸிலுக்குள்ள இருக்கற பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலோட விட்டம். 58.5 இன்ச் அகலம், டிஸ்க் பிரேக்கோட வரும். இப்ப அது சுலபமாக் கிடைக்காது.

நம்ம கதாநாயகன் வேற.

[திரையில்: ஸ்கிராப் யார்டு, 1990-களின் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்]

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர். 90-கள்ல சில வருஷம் அமெரிக்காவுல மட்டும் 4 லட்சத்துக்கு மேல வித்த வண்டி. அதனால அங்க ஸ்கிராப் யார்டுல பஞ்சமே இல்ல. 1995-லிருந்து 2001 வரைக்கும் வந்த மாடல்தான் வேணும். 2002-ல சாதா மாடலுக்கு தனித்தனி பின் சஸ்பென்ஷன் வந்துடுச்சு, ஒரே துண்டான பின் ஆக்ஸில் போயிடுச்சு. இதோட பின் ஆக்ஸிலுக்கு 8.8-ன்னு பேரு, கிரவுன் வீலோட விட்டம் 8.8 இன்ச். ஆக்ஸில் ஷாஃப்ட்ல 31 பல், மஸ்டாங்கோட பழைய 8 இன்ச்ல 28. பிரேக் டிஸ்க். அஞ்சு ஸ்டட், 4.5 இன்ச் வட்டம், மஸ்டாங் வி8-ல இருக்கற அதே அளவு. மூடியோட போல்ட்ல ஒரு சின்னத் தகடு தொங்கும். அதுல "3எல்73"-ன்னு இருந்தா 3.73 விகிதம் (இன்ஜின் பக்கத்துத் தண்டு 3.73 சுத்து சுத்தினா சக்கரம் ஒரு சுத்து), லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொண்ணுக்கும் சக்தி போகும்) உண்டுன்னு அர்த்தம். எழுத்து இல்லாம வெறும் எண்ணுன்னா லிமிடெட் ஸ்லிப் இல்ல.

அகலம் ஏறக்குறைய 59.5. அட, 67 மஸ்டாங்குக்கு அப்படியே பொருந்துமேன்னு தோணும். கிட்டத்தட்ட பொருந்தும், சில பேர் அப்படியே ஓட்டவும் செய்யறாங்க. ஆனா இதுல பினியன், அதாவது கிரவுன் வீலைச் சுத்த வைக்கற சின்னப் பல்சக்கரம், நடுவுல இல்ல, வலது பக்கமா ஒதுங்கியிருக்கு. அதனால இடது குழாய் நீளம், வலது குழாய் குட்டை. இடது குழாய்ல சுமார் 3 இன்ச் எடுத்துட்டா ரெண்டும் சமமாகும், பினியன் நடுவுக்கு வரும், மொத்த அகலம் 56.5 பக்கத்துல நிக்கும். அழகு என்னன்னா, புதுசா ஷாஃப்ட் செய்யவே வேண்டாம். இன்னொரு எக்ஸ்ப்ளோரரோட வலது பக்க ஷாஃப்டை வாங்கி இடது பக்கம் போட்டுக்கலாம்.

[திரையில்: கணக்கு, பெரிய எழுத்துல]

இப்ப கணக்கு. 59.25-லிருந்து 56.5-க்கு வந்தா ஒரு பக்கத்துக்கு 1.375 இன்ச் உள்ள. உங்க வண்டியில 4.75 பேக்ஸ்பேசிங் உள்ள 8 இன்ச் ரிம் சரியா உட்கார்ந்திருந்துச்சுன்னு வைங்க. இனிமே டயர் அதே இடத்துல நிக்கணும்னா, புது ரிம் சுமார் 3.4 பேக்ஸ்பேசிங்ல வேணும். அந்த ரிம்முக்கு வெளிப்பக்கம் ஆழமான குழி இருக்கும். 60-கள் ஸ்டைல் அஞ்சு கம்பி ரிம்முக்கு அழகே அந்தக் குழிதானே! அது வேணும்னா குறுகலான ஆக்ஸில் போடுங்க. இந்தக் காலத்து மஸ்டாங்கோட ரிம் மாட்டணும்னா வெட்டவே வேண்டாம். அதுங்களோட முகம் ரொம்ப வெளியில இருக்கும், குறுக்கினா டயர் ஸ்பிரிங்குக்குள்ள போய் இடிக்கும். அதனால முதல்ல டயர், அடுத்து ரிம், கடைசியாத்தான் ஆக்ஸில். என் பார்வையில, இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவங்கதான் ரெண்டு தடவை ரிம் வாங்குறவங்க.

[திரையில்: ஜிக்ல (அசையாம பிடிச்சு வைக்கற சட்டம்) ஏத்தின ஹவுசிங் (ஆக்ஸில் கூடு), உள்ள ஓடற நேர் தண்டு]

வெட்டற கட்டம். மூடியைத் திறந்து, டிஃபரென்ஷியல் (ரெண்டு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற பல்சக்கரக் கூட்டம்) நடுவுல இருக்கற பின்னைக் கழட்டி, ஷாஃப்டை உள்பக்கம் தள்ளினா நுனியில சி வடிவ கிளிப் விழும். அப்புறம் ஷாஃப்டை வெளிய இழுத்துடலாம். வெட்டறதுக்கு முன்னாடி குழாய் நெடுக ஒரு நேர்க்கோடு கீறி வைங்க. நுனித் துண்டைத் திரும்ப ஒட்டும்போது கொஞ்சம் சுழன்றுட்டா, பிரேக் காலிப்பர் தப்பான கோணத்துல நிக்கும்.

ஆபத்தான வேலை வெல்டிங்தான். சூடு எந்தப் பக்கம் அதிகமோ, ஆறும்போது குழாய் அந்தப் பக்கம் வளையும். கண்ணுக்குத் தெரியாத வளைவே போதும், பேரிங்கும் சீலும் சீக்கிரம் போயிடும். அதனால பேரிங் உட்கார்ற நாலு இடத்துலயும் கடைஞ்ச வளையம் போட்டு, நடுவுல தடியான நேர் தண்டு ஒண்ணை விட்டு, அது சுலபமா சுத்தற வரைக்கும் சரி பார்த்துதான் வெல்ட் பண்ணணும். கொஞ்சம் கொஞ்சமா, எதிரெதிர் பக்கமா. அந்தத் தண்டும் ஜிக்கும் இல்லாத வீட்டு ஷெட்டுல இதைச் செய்யாதீங்க. ஆக்ஸில் குறுக்கறதே தொழிலா வச்சிருக்கற பட்டறைக்குக் கொண்டு போங்க.

ஹவுசிங்கோட நடு வார்ப்பு வேற உலோகம், வார்ப்பிரும்பு. குழாய் அதுல அழுத்திச் செருகி, ஓட்டை வழியா வெல்ட் வச்சது. இன்ஜின் பலம் அதிகம்னா குழாய் அதுக்குள்ள சுழலலாம், அதனால பல பேர் சுத்தி வெல்ட் வைப்பாங்க. வார்ப்பிரும்பை முன்கூட்டி சூடு பண்ணாம தொட்டா விரிசல் விடும். மேல இருக்கற ஏபிஎஸ் சென்சாரைப் பிடுங்காதீங்க, ஓட்டையை அடைக்க அதுவே போதும்.

[திரையில்: ஸ்பிரிங் மேல உட்கார்ந்த ஆக்ஸில், கோணமானி]

எக்ஸ்ப்ளோரரோட ஸ்பிரிங் இருக்கையை அறுத்துட்டு, மஸ்டாங் ஸ்பிரிங் இடைவெளிக்குப் புதுசு வைக்கணும். முதல்ல புள்ளி வெல்ட் மட்டும். வண்டி தன் முழு எடையில நிக்கும்போது பினியன் கோணத்தைப் பாருங்க. கியர்பாக்ஸோட வால் பின்பக்கம் 3 டிகிரி சரிஞ்சிருந்தா, பினியன் மூக்கு அதுக்கு இணையா மேல பார்க்கணும். லீஃப் ஸ்பிரிங் வண்டியில அதைவிட ஒண்ணு ரெண்டு டிகிரி தாழ்த்தி வைப்பாங்க. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஸ்பிரிங் முறுக்கி மூக்கை மேல தூக்கும், அப்ப சரியா வரும். தப்பா வெல்ட் பண்ணினா, ஒரு குறிப்பிட்ட வேகத்துல வண்டி முழுக்க அதிரும்.

கியர்பாக்ஸிலிருந்து ஆக்ஸிலுக்கு சக்தி கொண்டு வர்ற புரொப்பல்லர் ஷாஃப்டும் மாறும். எக்ஸ்ப்ளோரர் பினியன்ல வட்டமான ஃபிளாஞ்ச், மஸ்டாங்ல கிராஸ் (ஷாஃப்ட் மடங்கற இணைப்புல இருக்கற சிலுவைத் துண்டு) நேரா உட்கார்ற யோக். ரெண்டு அளவு கிராஸை இணைக்கற கலப்பு ஜாயின்ட் கிடைக்கும். ஷாஃப்ட் நீளத்தை ஆக்ஸில் கடைசியா நின்ன அப்புறம் அளங்க.

பிரேக்ல ஒண்ணு ரொம்ப முக்கியம். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டர்ல, பின் லைன்ல கொஞ்சம் அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கற ஒரு வால்வு இருக்கும். டிஸ்க் போட்ட அப்புறமும் அது இருந்தா பேட் எப்பவும் டிஸ்க்கை உரசிக்கிட்டே இருக்கும், சூடேறும். அதை எடுத்துடணும். ஹேண்ட் பிரேக் கேபிளை எப்படியும் கைவேலையாத்தான் இணைக்கணும்.

[திரையில்: ஸ்பீடோமீட்டரும் டேகோமீட்டரும்]

3.73 விகிதம், 26 இன்ச் உயர டயர், கடைசி கியர் 1-க்கு 1. மணிக்கு 60 மைல்ல இன்ஜின் நிமிஷத்துக்கு சுமார் 2,900 தடவை சுத்தும். பழைய 3.00-ல இது 2,325 பக்கம்தான். சிக்னல்ல பாயறது சுகம், ஹைவேயில காது வலிக்கும். ஓவர்டிரைவ் (இன்ஜினை மெதுவாச் சுத்த விடற கடைசி கியர்) இல்லாத வண்டின்னா 3.27 அல்லது 3.55 தேடறதே நல்லது. எதைப் போட்டாலும் கியர்பாக்ஸ்ல ஸ்பீடோமீட்டரை ஓட்டற சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாத்துங்க, இல்லைன்னா வேகம் பொய் சொல்லும். லிமிடெட் ஸ்லிப்னா ஆயில்ல ஃபிரிக்ஷன் மாடிஃபையர் (உராய்வைச் சீராக்கற திரவம்) சேர்க்கணும். கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து யூ-போல்ட் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்க, புது இருக்கையில அதுங்க தளர்ந்திருக்கும்.