சந்தேகங்களுக்கு விளக்கம்: யூபிஎஸ் பின்னாடி இருக்க லேன் ஓட்டை எதுக்கு?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். பாளையங்கோட்டையில டிடிபி கடை வச்சிருக்க அண்ணாச்சி ஒருத்தர் அனுப்பியிருக்காரு. வாசிக்கேன். "ஒரு கேவிஏ யூபிஎஸ் வாங்கியிருக்கேன். பின்பக்கம் லேன் ஓட்டை, அதான் நெட் வயர் சொருகுத ஓட்டை மாதிரி மூணு இருக்கு. லேன் வயரைப் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகினேன், ஒண்ணுமே காட்டலை. கரண்டு போயி பேட்டரி தீரப் போகுதுன்னா கம்ப்யூட்டர் தானா மூடிக்கிடணும். என்ன செய்யணும்?"

அண்ணாச்சி, மொதல்ல அந்த லேன் வயரை உருவிருங்க. மூணு ஓட்டையும் பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், வேலை வேற வேற. ரெண்டு ஓட்டைக்குப் பக்கத்துல இன், அவுட்னு போட்டிருக்கும். மோடத்துல இருந்து வார வயர் வழியா இடி மின்னல் அடிச்சு ஏறி வந்து கம்ப்யூட்டரைக் கெடுத்திரக் கூடாதுல்லா, அதைத் தடுக்கதுக்கு உள்ளது அது. யூபிஎஸ்ஸோட மூளைக்கும் அந்த ரெண்டு ஓட்டைக்கும் சம்பந்தமே கிடையாது. நீங்க அதுல சொருகியிருந்தா, வருசம் பூரா இருந்தாலும் ஒண்ணும் காட்டாது.

மூணாவது ஓட்டைதான் நமக்கு வேணும். டேட்டா போர்ட்னு போட்டிருக்கும், இல்ல யூஎஸ்பி சின்னம் இருக்கும். சந்தேகமா இருந்தா செல்லுல டார்ச்சைப் போட்டு உள்ள மஞ்சளா மின்னுத கம்பியை எண்ணுங்க. லேன்ல 8 இருக்கும். இதுல 10 இருக்கும். ஏபிசி (APC)ங்கிற கம்பெனியோட பேக்-யூபிஎஸ் மாடல் நிறையதுல இந்த 10 கம்பி ஓட்டைதான். ஆர்ஜே 50னு சொல்லுவாங்க. லேன் பிளக்கு இதுக்குள்ள சிக்குன்னு போயி உக்காந்துக்கிடும், அதான் எல்லாரும் ஏமாறுதாங்க. உக்காந்தாலும் ஓரத்துக் கம்பி ரெண்டும் தொடாது. அதனால கடையில லேன் பிளக்கை கிரிம்ப் பண்ணி "யூஎஸ்பி வயர் செஞ்சு தாரேன்"னு சொன்னா வாங்காதீங்க. ஒரு முனை யூஎஸ்பி, மறுமுனை 10 கம்பி பிளக்கு, அந்த வயர் அட்டைப் பெட்டிக்குள்ளயே வந்திருக்கும். மேனுவல் கவருக்குள்ள கெடக்கும், தேடிப் பாருங்க. தொலைஞ்சு போயிருந்தா, ஏபிசிக்கு 940-0127பின்னு நம்பரைச் சொல்லிக் கேளுங்க. வேற கம்பெனி யூபிஎஸ்ஸுன்னா பெரும்பாலும் பிரிண்டருக்குப் போடுத சதுர மூக்கு யூஎஸ்பி வயரே போதும்.

இதுல ஒரு எச்சரிக்கை. ஏபிசியோட பழைய ஸ்மார்ட்-யூபிஎஸ் செகண்ட் ஹேண்ட்ல எடுக்கவங்க இருக்காங்க. அதுல 9 ஊசி சீரியல் போர்ட் இருக்கும். சாதா சீரியல் வயரை அதுல சொருகினா யூபிஎஸ் அந்த நிமிசமே அவுட்புட்டை அமத்திரும். அதுல ஓடுத கம்ப்யூட்டர் எல்லாம் பொத்துன்னு நின்னுரும். அதுக்குன்னே தனி வயர் உண்டு, கம்பி உள்ளுக்குள்ள வேற மாதிரி இணைச்சிருக்கும். அது கையில இல்லன்னா அந்த போர்ட்டைத் தொடவே தொடாதீங்க. பொறவு, 600 விஏ சின்ன யூபிஎஸ் நிறையதுல எந்த டேட்டா போர்ட்டுமே கிடையாது. வீட்டு இன்வெர்ட்டருக்கும் அதே கதை. போர்ட் இல்லன்னா எந்த சாஃப்ட்வேர் போட்டும் பிரயோசனம் இல்ல.

சரி, வயர் கிடைச்சிட்டு. கம்ப்யூட்டர் கேபினட்டுக்குப் பின்னாடி இருக்க யூஎஸ்பியில சொருகுங்க. முன்பக்கம் வேண்டாம், ஹப்பும் வேண்டாம். விண்டோஸ்ல தனியா டிரைவர் தேவையில்ல. அரை நிமிசத்துல கீழ மூலையில லேப்டாப் மாதிரி பேட்டரி படம் வந்துரும். டிவைஸ் மேனேஜர்ல பேட்டரீஸ்ங்கிறதுக்குக் கீழ எச்ஐடி யூபிஎஸ் பேட்டரின்னு நிக்கும். அது வந்துட்டுன்னா ரெண்டும் பேசிக்கிடுதுன்னு அர்த்தம். வரலைன்னா முக்கால்வாசி வயர்தான் தப்பு.

இனிதான் முக்கியமான விசயமே. படம் வந்துட்டு, வேலை முடிஞ்சிட்டுன்னு நிறைய பேரு விட்டுருதாங்க. விண்டோஸ் சும்மா விட்டா 5 சதவீதம் வந்தாத்தான் "ஐயோ பேட்டரி தீருது"ன்னு முழிக்கும். அது லேப்டாப் பேட்டரிக்கு சரி. யூபிஎஸ்ஸுக்குள்ள இருக்கது ஈயம், ஆசிட் பேட்டரி. உங்க ஒரு கேவிஏல 12 வோல்ட் 7 ஏஹெச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ரெண்டு இருக்குன்னு வையுங்க. பேப்பர்ல பெருக்கிப் பாத்தா 168 வாட் அவர். மானிட்டரும் சேத்து 150 வாட் இழுத்தா ஒரு மணி நேரத்துக்கு மேல வரணும்லா? வராது. அந்த 7 ஏஹெச்ங்கிறது 20 மணி நேரம் மெள்ள மெள்ள இறக்கினா வார கணக்கு. அதாவது 0.35 ஆம்பியர். நம்ம கம்ப்யூட்டர் 6, 7 ஆம்பியர் உறிஞ்சுது. போட்ட கணக்குல பாதி கெடச்சாலே பெரிசு, அதுவும் பேட்டரி புதுசா இருக்கப்ப.

ரெண்டு வருசம் ஆன பேட்டரின்னா 100ல நிக்கும், 80ங்கும், 55ங்கும், அடுத்து பாத்தா இருட்டு. அந்த சதவீதம் அளந்து சொல்லுதது இல்ல, வோல்டேஜைப் பாத்து யூபிஎஸ் போடுத குத்துமதிப்பு. நம்மூரு வெயில்ல இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இந்த பேட்டரிக்கு 25 டிகிரிதான் தோது. அதுக்கு மேல பத்து டிகிரி ஏற ஏற ஆயுசு பாதி பாதியாக் கொறையும். மேசைக்கு அடியில, சுவரோட ஒட்டி, ஓடுத கேபினட் காத்து அடிக்க இடத்துல யூபிஎஸ்ஸை வைக்காதீங்க.

அதனால கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதுக்குள்ள அட்வான்ஸ்டு. கடைசியில பேட்டரின்னு ஒண்ணு புதுசா வந்திருக்கும். வயர் சொருகாம பாத்தா அது இருக்காது, தேடாதீங்க. அதுல கிரிட்டிக்கல் பேட்டரி லெவலை 40ன்னு வையுங்க. பேட்டரி பழசுன்னா 60. கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன்ல ஆன் பேட்டரிக்கு ஹைபர்நேட். ஸ்லீப் வேண்டவே வேண்டாம், ஸ்லீப்ல மெமரிக்கு கரண்டு வேணும், யூபிஎஸ் செத்தா எல்லாம் போச்சு. ஷட்டவுனும் உங்க தொழிலுக்கு ஆகாது. கோரல்டிராவுல கல்யாணப் பத்திரிகை சேவ் பண்ணாம திறந்து கெடக்கும். ஷட்டவுன் சொன்னா "சேவ் பண்ணவா"ன்னு கேட்டு அங்கனயே நிக்கும். கடையில ஆள் இல்லன்னா பதில் சொல்ல யாரு இருக்கா? ஹைபர்நேட்னா திறந்தது திறந்தபடி டிஸ்க்குல எழுதி வச்சுட்டு அணையும். ஹைபர்நேட்டே பட்டியல்ல காட்டலைன்னா, கமாண்ட் பிராம்ப்டை அட்மினா திறந்து பவர்சிஎஃப்ஜி, ஸ்பேஸ், ஸ்லாஷ் ஹைபர்நேட், ஸ்பேஸ், ஆன்னு அடிங்க. அவ்வளவுதான்.

கம்பெனி சாஃப்ட்வேர் போடலாமான்னா, போடலாம். ஏபிசிக்கு பவர்சூட். ஆனா எப்ப மூடணும்ங்கிறதை முடிவு பண்ண ஒருத்தர்தான் இருக்கணும், சாஃப்ட்வேர் இல்லன்னா விண்டோஸ், ரெண்டும் சேந்து வேண்டாம். சாஃப்ட்வேரோட லாபம் என்னன்னா, உள்ள வார வோல்டேஜ் எவ்வளவு, எத்தனை தடவை பேட்டரிக்கு மாறிச்சு, எதுக்கு மாறிச்சுன்னு பதிஞ்சு வைக்கும். கரண்டு போகவே இல்ல, ஆனா யூபிஎஸ் டிக் டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்குன்னு ஆனி, ஆடிக் காத்துல நிறைய பேரு கேப்பாங்க. கொப்பு கம்பியில உரசினா கண் மூடித் திறக்கதுக்குள்ள வோல்டேஜ் விழுந்து எந்திரிக்கும். நமக்கு தெரியாது, யூபிஎஸ்ஸுக்கு தெரியும். ஒவ்வொரு தடவையும் பேட்டரி கொஞ்சம் போலத் தேயும். அந்த சாஃப்ட்வேர்ல சென்சிட்டிவிட்டியை லோன்னு மாத்திட்டா சின்ன ஆட்டத்துக்கெல்லாம் தாவாது. ஜெனரேட்டர்ல ஓட்டுதவங்களும் அதைத்தான் வைக்கணும்.

லினக்ஸ்காரங்களுக்கு ரெண்டு வார்த்தை. ஏபிசின்னா ஏபிசியூபிஎஸ்டிங்கிற (apcupsd) சாஃப்ட்வேர். கான்ஃபிக்ல யூபிஎஸ்கேபிள், யூபிஎஸ்டைப் ரெண்டுக்கும் யூஎஸ்பின்னு போட்டு, டிவைஸ் வரியை வெறுமையா விடுங்க. அங்கன எதையாவது எழுதிட்டுத்தான் முக்காவாசி பேரு முழிக்காங்க. மத்த கம்பெனிக்கு நட்டுங்கிற (NUT) சாஃப்ட்வேர். யூபிஎஸ் சொல்லுத சதவீதத்தை நம்ப முடியலைன்னா ஏபிசியூபிஎஸ்டி கான்ஃபிக்ல டைம்அவுட்டுக்கு 300ன்னு வையுங்க. பேட்டரிக்கு மாறி 300 செகண்டு ஆனதும் மூடிரும். எனக்கு கேட்டா இந்த வழிதான் நல்லது.

சோதிச்சுப் பாக்காம விடாதீங்க. மொத நாள் கம்ப்யூட்டரோட பவர் வயரை வேற பிளக்குல போட்டுட்டு, யூபிஎஸ்ஸுல 100 வாட் குண்டு பல்பு ஒண்ணை மாட்டுங்க. யூஎஸ்பி வயர் இருக்கட்டும். யூபிஎஸ்ஸுக்குப் போற சுவர் சுவிட்சை அமத்துங்க. பிளக்கை உருவாதீங்க. சுவிட்சை அமத்தினா ஃபேஸ் மட்டும்தான் அறும், எர்த் நிக்கும். பிளக்கை உருவினா எர்த்தும் போயிரும், கேபினட்டைத் தொட்டா சுருக்குங்கும். நீங்க வச்ச சதவீதத்துல கம்ப்யூட்டர் ஹைபர்நேட்டுக்குப் போகுதான்னு பாத்துட்டு, பொறவுதான் கம்ப்யூட்டரை யூபிஎஸ்ஸுல மாத்தணும்.

கம்ப்யூட்டர் அணைஞ்ச பொறவும் யூபிஎஸ் ஓடிக்கிட்டேதான் இருக்கும், விண்டோஸ் அதை அமத்தாது. மாசாந்திர மின்தடைன்னு காலைல 9 மணிக்கு அமத்தி மதியம் 2 மணிக்குப் போடுத நாள்ல, கம்ப்யூட்டர் அணைஞ்சதும் யூபிஎஸ் பட்டனையும் அமத்திருங்க. இல்லன்னா பேட்டரி அடிவரைக்கும் வடிஞ்சு கெட்டுப் போகும்.

அடிக்கடி பேட்டரி படம் மறைஞ்சு மறைஞ்சு வருதுன்னா, அதே பவர் ஆப்ஷன்ஸ்ல யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை டிசேபிள் பண்ணுங்க. கடைசியா, லேசர் பிரிண்டரை யூபிஎஸ் பேட்டரி பிளக்குல மாட்டியிருந்தா இப்பவே கழட்டிருங்க. மையைச் சூட்டுல காயிதத்துல ஒட்டுத ஃபியூசர் சூடாகுத நேரத்துல அது ஒண்ணே 600 வாட்டைத் தாண்டி இழுக்கும். கரண்டு இல்லாதப்ப அப்படி இழுத்தா யூபிஎஸ் ஓவர்லோடுன்னு அமந்துரும், நீங்க வச்ச 40 சதவீதத்துக்கு வேலையே வராது.