சல்ட்ரியும் பூக்கார அம்மாவும்
(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே, மூன்று மாதமாகக் கூப்பிட்டு இன்றைக்கு வந்துவிட்ட மாமன்ற உறுப்பினர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பி அவர்களே, வணக்கம். பொன்னாடைக்கு நன்றி. அக்னி நட்சத்திரத்தில் பொன்னாடை போர்த்துவது மரியாதையா தண்டனையா என்று தலைவர்தான் சொல்ல வேண்டும். செயலாளரை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்வார், அவருக்கும் வணக்கம்.

ஈரமும் வெக்கையுமாக மூச்சுமுட்டும் வானிலையைச் சொல்லும் 'சல்ட்ரி' என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அது பிறந்த கதை, கவர்ச்சியான பெண்ணைக் குறிக்க வந்த கதை, நம் தமிழில் அதற்கு என்ன சொல் என்பது, ஆக மூன்று செய்தி. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்கள். இதை இன்னும் இரண்டு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்வெல்டன்' என்று ஒரு வினை. பொருள், சாவது. அதன் வழியில் வந்தது 'ஸ்வெல்டர்', வெயிலில் சோர்ந்து விழுவது. 16ஆம் நூற்றாண்டில் அது 'சல்டர்' என்று திரிந்தது, அதிலிருந்து சல்ட்ரி. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில் ஓர் அரசவை ஆள் வருவான். இளவரசன் குளிர்கிறது என்றால் ஆமாம் குளிர்தான் என்பான். உடனே சல்ட்ரி என்றால் ஆமாம், ரொம்ப சல்ட்ரி என்பான். மேடையில் இருக்கும் யாரையும் நான் சொல்லவில்லை.

நமக்குப் புழுக்கம். நெல்லை ஊறவைத்து ஆவியில் வேகவைத்தால் புழுங்கல். சங்கப் பாட்டில் வெந்த இறைச்சிக்குப் 'புழுக்கு' என்று பெயர். வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடல் ஈரம் நிறைந்த நம் ஊர்க் காற்றில் அது காயாமல் வழிகிறது. ஆங்கிலேயன் சொல்லில் மனிதன் சாகிறான், நம் சொல்லில் வேகிறான்.

எங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு பூக்கார அம்மா. முன்பு புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நிழற்குடை கட்டுகிறோம் என்று மரத்தை வெட்டினார்கள். யார் என்று நான் சொல்லப்போவதில்லை. தகரக் கூரை, எவர்சில்வர் இருக்கை. மதியம் அதில் உட்கார்ந்தவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். அம்மா அங்கே போகவில்லை. மின்கம்பத்தின் நிழலில் உட்கார்ந்தார். அந்த நிழல் எவ்வளவு அகலம்? ஒரு முழம்கூட இல்லை. முகத்தை அதற்குள் வைத்துக்கொள்வார், கூடை வெயிலில். நிழல் நகர நகர அவரும் கூடையை இழுத்துக்கொண்டு நகர்வார். நான் கடிகாரம் பார்ப்பதை விட்டேன், அந்த அம்மாவைப் பார்த்தால் மணி தெரியும். ஏப்ரல் 24 வாக்கில் சென்னையில் நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். கம்பத்துக்கு நிழலே இருக்காது. அன்றைக்குப் போனேன். அம்மா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு பூவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தின வாய் சும்மா இருக்குமா? "ரொம்ப சல்ட்ரியா இருக்கும்மா" என்றேன். "அதெல்லாம் தெரியாது சார், அவிச்சு எடுக்குது. முழம் முப்பது ரூபா, வாங்கறீங்களா?" என்றார். வாங்கினேன். வீட்டில் பூ வைத்துக்கொள்ள ஆள் இல்லை, பிள்ளையாருக்குப் போட்டேன்.

நிழலின் அருமை வெயிலில் தெரியும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. 2024இல் நம் அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தால் குடும்பத்துக்கு நான்கு லட்சம். ஸ்வெல்டனுக்குப் பொருள் அரசாணையிலேயே வந்துவிட்டது. நான் கேட்பது செத்த பிறகு வரும் பணத்தை அல்ல, இருக்கும்போது ஒரு மரம். வேம்போ பூவரசோ புங்கையோ, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்று. மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், தகரக் கூரைக்கு அந்த வேலை இல்லை என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். நிழலின் அருமை... சரி, அவர் காரில் போகிறவர்.

கவர்ச்சிப் பெண் கதைக்கு நேரமில்லை, செயலாளர் சீட்டு அனுப்பிவிட்டார். நிறுத்தங்களுக்கு மரம் கேட்கும் மனு பின்வரிசை மேசையில் இருக்கிறது. உறுப்பினர் அவர்கள் கிளம்புவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பக்கத்தில் மோர் இருக்கிறது. பேனா என்னுடையது.